பொல்லார்டு சிகரெட் பிடித்த கதை

தினேஷ்,

இதைக் கப்பலில் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படி. நடுவில் நீ தனியாகச் சிரித்துத் தொலைத்தால், மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியருக்கு மூளை கலங்கிவிட்டது என்று உன் கேப்டன் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கிற விசேஷம் முடிந்து நீ போன் செய்தபோது உன் அப்பா "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். நீ கட்டிக்கொள்ளப் போகிற நிவேதாவைக் கேட்டால், "அத்தையையே கேளு" என்று நழுவுகிறாளாம். போனில் நான் சொல்லலாம் என்றால், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் திருத்துகிறார். அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, டாக்டர்கள் கிறுக்கியதைப் புரிந்துகொண்டு நடந்ததை நடந்தபடி எழுதி வைத்த கை இது. கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் மகனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள், அதுவும் போகிற போக்கில் வந்துவிடும்.

உனக்குத் தெரிந்த பகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது உன் அப்பா சொன்ன பாதிதான். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நிவேதாவின் அப்பா மாணிக்கம், அதே கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்மேன். மேலே கேபினில் இருப்பவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே நிற்பவர் கட்டை விரலை மேலே காட்டினால் தூக்க வேண்டும், கீழே காட்டினால் இறக்க வேண்டும், முஷ்டியை மடக்கினால் அப்படியே நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. இப்படி ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து, ஒரே பெஞ்சில் டீ குடித்து, வீட்டுக்கு வந்த பிறகும் பிரியாமல் இருந்தவர்கள் இவர்கள். நீ பேசப் பழகியபோது "மாமா" என்று முதலில் கூப்பிட்டது மாணிக்கத்தைத்தான். அதற்காக என் சொந்தத் தம்பி என்னிடம் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தப் பிரெஞ்சுப் படம் வந்து சேர்ந்தது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உன் அப்பா எட்டிப் பார்த்து உச்சரிப்பிலிருந்து வகுப்பு எடுக்க ஆரம்பிப்பார். பர்மா பஜாரில் அந்த டிவிடியை அவர் வாங்கியதற்கு ஒரே காரணம், அட்டையில் துறைமுகக் கிரேன் ஒன்று இருந்ததுதான். சண்டைப் படம் என்று நினைத்துக்கொண்டு வந்தார். போட்டால் கறுப்பு வெள்ளை. ஒரு சின்னத் துறைமுக ஊர். ஒருத்தியின் புருஷன் கப்பலில் போனவன் திரும்பவில்லை. அவள் இருட்டியதும் கையில் விளக்கை எடுத்துக்கொண்டு கப்பல் துறையில் போய் நிற்கிறாள். படம் முழுக்க நிற்கிறாள், கடைசிக் காட்சியிலும் நிற்கிறாள், முடிந்துவிட்டது. "அவ்ளோதானா?" என்று கேட்டுத் திரும்பினால் உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ பிறந்தபோது கூடக் கண் கலங்காத மனுஷன்! இது எங்கேயோ கொண்டுபோய் விடப் போகிறது என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

ராயபுரத்தில் கல்யாண மண்டபத்து மாடியில், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் துறைமுகத்து ஆட்கள் கூடி வெளிநாட்டுப் படம் போடுவார்கள், உனக்கு நினைவிருக்கும். படத்துக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடும். நம் ஆட்கள் அதைப் பாதி படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் ஒருவர் மைக்கைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வது அங்கே வழக்கம். உன் அப்பா முறை வந்தபோது இந்தப் படத்தைத்தான் போட்டார். அவருக்கு அது தலைகீழ் மனப்பாடம். திரையைத் திரும்பியே பார்க்க மாட்டார். முதுகு திரைக்கு, முகம் ஜனங்களுக்கு. நானும் மாணிக்கத்தின் பெண்சாதி சரோஜாவும் முன் வரிசையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தோம்.

கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் டிஸ்க் சிக்கிக்கொண்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிளேயருக்குப் பக்கத்தில் இருந்த மாணிக்கம், அதே படத்தின் வேறொரு டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து, சத்தமில்லாமல் மாட்டிவிட்டார். அவருடைய மச்சான் பாண்டிச்சேரியிலிருந்து அனுப்பியது, புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்ட பதிப்பு. நண்பனுக்கு ஆபத்தில் உதவுகிறோம் என்று நினைத்துத்தான் செய்தார், அது சத்தியம். கட்டை விரலைத் தூக்கி "போ" என்று சைகை வேறு காட்டினார். சைகை வந்தால் கேள்வி கேட்காமல் தூக்குகிற மனுஷன் உன் அப்பா. தூக்கினார். "பாருங்க, நடு ராத்திரி! கும்மிருட்டு! கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு ஆள் கெடையாது! அவளுக்குத் துணையா நிக்கறது ஒரே ஒரு பொல்லார்டு!" பொல்லார்டு என்றால் கப்பல் கயிற்றைக் கட்டுவதற்குக் கரையில் நட்டிருக்கும் குட்டையான இரும்புத்தூண். திரையில் என்ன தெரிந்தது தெரியுமா? உச்சி வெயில் மாதிரி பளிச்சென்று வெளிச்சம். அவளுக்கு இடது பக்கத்தில் தொப்பி போட்ட ஒருத்தன், முகத்தைக் காட்டாமல் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தான். பின் வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "தல, உன் பொல்லார்டு சிகரெட்டு புடிக்குதுபா!"

மண்டபமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், என்ன செய்வது, வந்துவிட்டது. உன் அப்பா அப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைத்தார், செருப்பை மாட்டினார், வீட்டுக்கு நடந்தார். "வேணும்னே பண்ணான்மே. என்ன மேல ஏத்திவுட்டு கீழ தள்ளினான்" என்று அன்று முழுக்க அதே பாட்டு. அங்கே மாணிக்கமும் சும்மா இல்லை. "கைகுடுத்து தூக்கனவன எட்டி ஒதைக்கறான் பாரு" என்று சரோஜாவிடம் குதித்திருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட். வாயால் பேச மாட்டார்கள், ஆனால் நாள் முழுக்கக் கையால் பேசியாக வேண்டும். ஏற்று, இறக்கு, நிறுத்து, கொஞ்சம் இடது பக்கம். பேசாமல் இருந்துகொண்டே அத்தனை வருஷமும் ஒரு பெட்டியைக் கூட இடிக்காமல் இறக்கினார்கள். உன் அப்பா வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு அவன் கட்ட வெரல ஒரு தினுசா காட்டினான்மே, கொழுப்பு" என்பார். கட்டை விரலில் என்ன கொழுப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருவரும் ரிட்டையர் ஆனதும் அந்தச் சைகையும் போயிற்று. உன் அப்பா மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா கையை மடக்கி மடக்கி நீட்டுவார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும். கேட்டால் விரலில் வாயு என்பார்.

ஆனால் படத்தை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி அவரவர் டிஸ்க்குக்கு ஆதாரம் சேர்த்தார்கள். இந்த வீட்டில் உன் அப்பாவும் அந்த வீட்டில் மாணிக்கமும் நடத்திய பாடத்தைக் கேட்டுக் கேட்டு, நானும் சரோஜாவும் போனில் ஒப்பித்துச் சிரிப்போம். நம் வீட்டு டிஸ்க் பழைய சதுர டிவிக்காகத் தயாரித்ததாம். அகலமான படத்தை அதற்குள் அடக்குவதற்கு இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டார்களாம். அதனால் அந்தத் தொப்பிக்காரன் நம்மிடம் கிடையாது. "அவருகிட்ட கீறது கை கால் வெட்டின படம்" என்பது மாணிக்கத்தின் வாதம். உன் அப்பாவோ, அந்தக் காட்சியைப் பகலில் எடுத்துவிட்டுப் பிறகு இருட்டாக்கி ராத்திரி என்று காட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம், புதுப் பதிப்புக்காரர்கள் பளபளவென்று துடைக்கிற ஜோரில் இருட்டாக்க மறந்துவிட்டார்கள் என்பார். நம் டிஸ்க்கில் படம் முழுக்க உஸ் என்று ஓர் இரைச்சல் வரும். அது கடற்காற்று என்று உன் அப்பா. ஒலிநாடா தேய்ந்த சத்தம், புதுசில் அது கிடையாது என்று மாணிக்கம். "காத்தே அடிக்காத ஹார்பர எங்கயாவது பாத்துகிறியா நீ?" என்று உன் அப்பா என்னிடம் சண்டைக்கு வருவார். அடியில் ஓடும் எழுத்து நம்மிடம் மஞ்சள், அங்கே வெள்ளை. இதற்குக் கூட ஒரு நாள் இங்கே சோறு இறங்கவில்லை.

இவர்கள் பேசாமல் இருந்த வருஷங்களில் நீயும் நிவேதாவும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிட்டீர்கள். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாய், பார், அதுதான் உன் புத்திசாலித்தனம். லீவில் வந்தால் திருவொற்றியூரில் இல்லாத நண்பனைப் பார்க்கத் தினமும் கிளம்புவாய். அங்கே அவள் தண்ணீர் கேன் வாங்கவென்று தெருமுனைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வெறும் கையோடு திரும்புவாளாம். சரோஜாவும் நானும் சம்பந்தியாவது என்று போனிலேயே முடிவு செய்து வெகு நாளாயிற்று.

விஷயத்தை உன் அப்பாவிடம் சொன்னேன். "பொண்ணு தங்கம்மே" என்றார் உடனே. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடியே, "ஆனா அந்த வூட்டு படி நான் ஏறணும்னா, அது ராத்திரிதான்னு அவன் வாயால சொல்லணும்" என்றார். அங்கே மாணிக்கம், "ஆளு நின்னான்னு அவர ஒத்துக்க சொல்லு, தாராளமா வரட்டும்" என்றாராம். நீ நடுக்கடலிலிருந்து போன் செய்து, "அம்மா, ஒரு படத்துக்காக என் கல்யாணம் நிக்கப் போவுதா?" என்று கேட்டபோது உன் குரல் உடைந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு டிஸ்க்கையும் அம்மியில் வைத்து நசுக்கியிருப்பேன். நசுக்கவில்லை. பூ வைக்கிற நாளைக் குறித்தேன். "நீ ஒண்ணும் பேச வேணாம். சட்டய மாட்டிகினு வந்து பொம்ம மாதிரி குந்து, போதும்" என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சரோஜாவும் அங்கே அதையே சொன்னாள்.

ஞாயிறு காலை தட்டுகளோடு போய் இறங்கினோம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்கு முன்னால் பூ வைத்தாக வேண்டும். ஹாலில் இரண்டு அப்பாக்களும் எதிரெதிர் நாற்காலியில், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தும் இன்னொருவர் காலண்டரைப் பார்த்தும் உட்கார்ந்தார்கள். "வந்தவங்கள காப்பி சாப்புட சொல்லு" என்று மாணிக்கம் சுவரிடம் சொல்வார். "குடிச்சிட்டுதான் வந்தோம்னு சொல்லு" என்று உன் அப்பா என்னிடம் சொல்வார். நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வழக்கப்படி சரோஜா ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கி உறவுக்காரர்களுக்குக் காட்டினாள். புடவை, பழம், பூ, இனிப்பு. வெற்றிலைத் தட்டுக்கு வந்தாள். வெற்றிலையைத் தூக்கினால் அடியில் டிவிடி! கிளம்பும்போது உன் அப்பா தட்டை நானே கட்டுகிறேன் என்று அடம்பிடித்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. உறவுக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

சரோஜா அதைக் கையில் எடுத்து இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ரெண்டு பேரும் இத இன்னிக்கே முடிச்சிடுங்க. முடிக்காம இந்த வூட்ல பூவும் கெடையாது, சோறும் கெடையாது" என்றாள். படுக்கையறையிலிருந்த பழைய டப்பா டிவியையும் பரணிலிருந்த டிவிடி பிளேயரையும் அவளே ஹாலுக்குக் கொண்டுவர வைத்தாள். பெரிய டிவியில் மாணிக்கத்தின் டிஸ்க், பக்கத்தில் பழைய டிவியில் நம்முடையது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மல்லிப்பூ வைத்துக்கொண்டு வந்த சனமெல்லாம் தரையில் உட்கார்ந்து பிரெஞ்சுப் படம் பார்க்க ஆயத்தமானது.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒன்றாக ஓட வேண்டுமே. உன் அப்பா கையில் ஒரு ரிமோட், மாணிக்கம் கையில் ஒரு ரிமோட். நம்முடையது முந்தியது, அவருடையது பிந்தியது. பேசவும் மாட்டார்கள். அப்போது மாணிக்கத்தின் கை தானாக மேலே போனது. முஷ்டியை மடக்கினார். உன் அப்பா நிறுத்தினார். கட்டை விரலைத் தூக்கினார். உன் அப்பா ஓட விட்டார். ஆள்காட்டி விரலைச் சின்னதாகச் சுழற்றினார், உன் அப்பா மயிரிழை பின்னால் தள்ளினார். இரண்டு டிவியிலும் அவள் ஒரே நேரத்தில் கப்பல் துறைக்கு நடந்து வந்தாள், ஒரே நேரத்தில் நின்றாள். தினேஷ், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. படத்துக்கு இல்லை. அந்த இரண்டு கிழங்களும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு.

கடைசிக் காட்சியில் இரண்டையும் நிறுத்தினார்கள். அங்கே பகல், அவள், தொப்பிக்காரன். இங்கே இருட்டு, அவள் மட்டும், ஓரத்தில் தரையில் குட்டையாக ஒரு நிழல். உன் அப்பா எழுந்து பழைய டிவியிடம் போய்க் குனிந்தார். அந்த நிழலைப் பார்த்தார். பெரிய டிவியில் அந்த ஆளின் காலடியில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. உச்சியில் தெரிந்தது தொப்பியின் விளிம்பு. வாழ்நாள் முழுக்கக் கேபினிலிருந்து பொல்லார்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்குத் தொப்பி நிழலும் பொல்லார்டாகத் தெரிந்திருக்கிறது. மெல்லத் திரும்பினார். "ஆளு இருந்துகிறான்டா மாணிக்கம்" என்றார். அந்த மண்டபத்து மாடிக்குப் பிறகு அவர் மாணிக்கத்திடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாணிக்கமும் எழுந்து வந்தார். பெரிய டிவியைக் காட்டி, "கைல வௌக்கு எரியுது பாரு. பட்டப்பகல்ல எவ வௌக்க கொளுத்திகினு வருவா? ராத்திரிதான்" என்றார்.

அத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறாய்? இல்லை. "அப்போ அவன் யாரு?" என்று உன் அப்பா கேட்டார். "புருஷன்தான், திரும்பி வந்துட்டான்" என்றார் மாணிக்கம். "புருஷனா இருந்தா அவ ஏன் அவன திரும்பிப் பாக்கல?" என்றார் இவர். "கோவம்டா, இத்தன வருஷம் கழிச்சு வந்துகிறான்ல?" என்றார் அவர். இத்தனை வருஷப் பாக்கியை அங்கேயே பேசித் தீர்ப்பது என்று இறங்கிவிட்டார்கள். எமகண்டம் நெருங்குகிறது. நானும் சரோஜாவும் கத்துகிறோம், காதில் விழவில்லை.

அப்போதுதான் நிவேதா உள்ளேயிருந்து தானே வெளியே வந்தாள். நல்ல அலங்காரம், கண்ணில் மட்டும் நெருப்பு. வெளியே வந்தவள் டிவி இரண்டையும் அணைத்தாள். "மாமா, அப்பா, ஒரே ஒரு கேள்வி. எனக்கும் தினேஷுக்கும் நாளைக்கு சண்டை வரும். வராம இருக்காது, உங்க ரெண்டு பேர் ரத்தம்தானே எங்க ஒடம்புல ஓடுது. அப்போ நீங்க அவங்கவங்க புள்ள பக்கம் நின்னுகினு மறுபடியும் மூஞ்சிய திருப்பிப்பீங்களா? அதுக்கு பதில் சொல்லுங்க. அப்புறமா பூ வைங்க. இல்லன்னா எனக்கு இந்தப் பூ வேணாம்."

அவள் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, தினேஷ். குரலைக் கேட்டாலே தெரிந்தது. இவர்கள் பேசாமல் போன நாளில் அவள் சின்னப் பெண், உன் அப்பா மடியில் உட்கார்ந்து வளர்ந்தவள். ஒரே நாளில் அந்த மாமா இல்லாமல் போனது ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் சண்டையில் உங்களுக்கும் வலித்திருக்கும் என்று அத்தனை வருஷத்தில் எனக்கே உறைக்கவில்லை. உன் அப்பா கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். "நீங்க எவ்ளோ வேணா சண்ட போட்டுக்குங்கமா" என்றார் கடைசியில். "நானும் இவனும் இனிமே வாய மூட மாட்டோம்." மாணிக்கம் தலையை ஆட்டினார். "அதுதான் எனக்கு பயமா கீது" என்றாள் சரோஜா. அழுதவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் தலையில் நான் பூ வைத்தேன்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரி வரிசை, நகரவே இல்லை. அவர்கள் வைத்துக் கொடுத்த சீர்த் தட்டெல்லாம் அடுக்கி என் மடியில், கனத்தில் கால் மரத்துப்போயிருந்தது. உன் அப்பா பேசிக்கொண்டே வந்தார். தொப்பிக்காரன் புருஷனாக இருக்க முடியாது என்பதற்கு ஒரு காரணம், இருக்கலாம் என்பதற்கு ஒரு காரணம். திடீரென்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டார்: "ஏன்மே, நீயும்தான் எத்தினி தபா பாத்துகிற. உனக்கு இன்னா தோணுது? அவன் யாரு?"

எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றியதுதான், யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "யாரா வேணா இருக்கட்டும்யா. பக்கத்துல வந்து நிக்கறான்ல, அந்த சிகரெட்ட தூக்கிப் போட்டுட்டு வௌக்க கொஞ்ச நேரம் வாங்கிப் புடிச்சா இன்னாவாம்? எவ்ளோ நேரம் அவளே புடிச்சிகினு நிப்பா?" என்றேன்.

உன் அப்பா என் மடியிலிருந்த தட்டுகளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா